அத்தியாயம் 6: முன் சஸ்பென்ஷனைப் பிரித்துக் கோர்த்தல்

பெரம்பலூரில் இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் கார் சஸ்பென்ஷனைப் பற்றி எழுதினால், "முதலில் ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டு" என்பார்கள். நியாயம்தான். ட்ரையம்ப் ஸ்பிட்பயர் நம் பக்கச் சாலைகளில் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் அந்த ஸ்பிட்பயரின் முன் சஸ்பென்ஷன் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961-லிருந்து தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இருந்தது அதே அமைப்புதான்.

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. மூன்று ஆண்டு கழித்து அதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்து ஸ்பிட்பயர் என்று விற்றார்கள். முன்பக்கத்துக் கை, சக்கரத்தைத் தாங்கும் லிங்க், ஸ்டியரிங் ரேக் எல்லாம் ஹெரால்டிலிருந்து எடுத்ததுதான். லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மனும் தன் எலான் காருக்கு இந்த ட்ரையம்ப் லிங்கையே வாங்கிப் போட்டார். எடையைக் குறைப்பதற்காக ஒவ்வொரு போல்ட்டையும் சந்தேகித்த மனிதர் அவர். எனவே குடும்பக் காராக நாம் பார்த்த ஹெரால்டுக்குள் இருப்பது பந்தயக்காரர்கள் மதித்த சஸ்பென்ஷன். சோழவரம் ஓடுதளத்தில் ஹெரால்டுகள் பந்தயமும் ஓடியிருக்கின்றன.

இந்த அத்தியாயம் ஹெரால்டு மார்க் 1, 2, 3 மூன்றுக்கும் பொருந்தும். 1972-ல் அதே நிறுவனத்திலிருந்து வந்த கெஸலில் பின் அச்சை மாற்றினார்களே தவிர முன்பக்கத்து அடிப்படை அதேதான். ஸ்பிட்பயர் வைத்திருப்பவர்கள் டிஸ்க் பிரேக்கையும் ஸ்பிரிங் அளவையும் மட்டும் வேறாக எடுத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் செய்யலாமா என்றால், இந்த வண்டியில் தாராளமாகச் செய்யலாம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்முகமே மேலே போய்விடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அம்பாசிடர் மெக்கானிக் படுத்துக்கொண்டு செய்யும் பாதி வேலையை ஹெரால்டுக்காரர் நின்றுகொண்டே செய்துவிடுவார்.

அமைப்பு

ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் என்று பட்டறையில் சொல்வார்கள். அப்பர் ஆர்ம் இரண்டு துண்டு; இரண்டுக்கும் நடுவில் பால் ஜாயின்ட்டை வைத்து இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கும். இரண்டு கைகளையும் இணைத்து நிற்பது லிங்க் என்னும் அடித்து உருவாக்கிய எஃகுத் தூண். சக்கரத்தின் ஸ்டப் ஆக்சில் இதில்தான் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்கும் அதற்குள் ஷாக் அப்சார்பரும் ஒரே செட்டாக லோயர் ஆர்மிலிருந்து மேலே சேஸியின் கோபுரத்துக்குப் போகும்.

கவனிக்க வேண்டியது லிங்கின் அடிமுனை. அங்கே பால் ஜாயின்ட் கிடையாது. லிங்கின் அடியில் மரை வெட்டி, அதை ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது லிங்க் அந்த மரைக்குள்ளேயே சுழலும். ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துக்குள், அதாவது ஏழரை மீட்டர் சொச்சத்தில், லண்டன் டாக்சி அளவுக்குச் சுருக்கமாகத் திரும்பக் கூடியது. அவ்வளவு தூரம் சக்கரம் மடங்கும்போது மரையும் அவ்வளவு சுழல்கிறது. வண்டியின் முன்பாரம் சக்கரத்துக்குப் போகும் வழியும் இந்த ட்ரன்னியன்தான். இங்கே எண்ணெய் வற்றினால் பித்தளை தேயும், மரைக்குள் தண்ணீர் இறங்கும், எஃகில் துரு குழி பறிக்கும். பிறகு ஒரு நாள், பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுசாக ஒடிக்கும்போது, லிங்க் அடியில் முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். உலகம் முழுக்க ஹெரால்டு, ஸ்பிட்பயர் உரிமையாளர்கள் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். இந்த அத்தியாயத்தில் பாதி ட்ரன்னியனைப் பற்றியே இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

பிரிப்பதற்கு முன்

முதலில் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு ஹப் பேரிங்கில். மிதித்தும் நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் அல்லது ட்ரன்னியன். ஆட்டும்போது டார்ச் அடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் டை ராடு எண்டுடையது, இல்லாவிட்டால் ரேக்குடையது.

ஓட்டும்போது வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அடம்பிடித்தால், ட்ரன்னியன் வறண்டிருக்கிறது என்று பாதி நிச்சயமாகச் சொல்லலாம்.

வேலைக்கான தரை சிமென்ட்டாக இருக்கட்டும். குன்னம், வேப்பூர்ப் பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் கல்லாக இருக்கும். ஒரு மழை பெய்தால் ஜாக்கி அப்படியே இறங்கும். ஹாலோ பிளாக்கை அடுக்கி வண்டியை நிறுத்தும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சேஸியின் நீள ரயிலுக்கு அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். வாங்க முடியவில்லை என்றால் டிரெய்லர் செய்யும் வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் கட்டித் தருவார்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு சங்கடம். வண்டி முழுக்க அங்குல அளவு. 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 தேவைப்படும். ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் செட்டை நீட்டி "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றல்ல. 13 எம்.எம். ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் தளர்வாக உட்கார்ந்து முனையை வழித்துவிடும். பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் பார்க்கும் மெக்கானிக்கிடம் அங்குல ஸ்பேனர் நிச்சயம் இருக்கும். நம் மாவட்டத்தில் டிராக்டர் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை.

ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும்.

கழற்றுதல்

வேலை தொடங்குவதற்குச் சில நாள் முன்பே எல்லா நட்டு போல்ட்டுக்கும் துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவையுங்கள். சக்கரம், பிரேக் டிரம், ஹப் என்று கழற்றிக்கொண்டு போங்கள். பிரேக் ஹோஸை இழுவிசையில் தொங்கவிடாதீர்கள். ஹோஸில் வெடிப்பு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பிரேக் அத்தியாயத்தில் விவரம் இருக்கிறது.

டை ராடு எண்டைப் பிரிக்க, நட்டைத் தளர்த்திவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் கண்ணை இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடியுங்கள். டேப்பர் விட்டுக்கொடுக்கும். கவட்டை உளியை உள்ளே விட்டு அடித்தால் ரப்பர் பூட் கிழியும்.

ஸ்பிரிங் செட்டைக் கழற்றும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மேலே கோபுரத்தில் சுற்றிலும் மூன்று நட்டு இருக்கும். நடுவில் ஷாக் அப்சார்பர் தண்டின் நட்டு இருக்கும். மூன்றைக் கழற்றலாம். நடுவில் உள்ளதைத் தொடவே கூடாது. அழுந்திய ஸ்பிரிங்கை அடக்கிப் பிடித்திருப்பது அந்த நடு நட்டு. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்கு வரும். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தாங்கக் கொடுத்து, மூன்று நட்டையும் கீழ் போல்ட்டையும் எடுத்தால் செட் முழுதாக வெளியே வந்துவிடும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை.

அடுத்து அப்பர் ஆர்ம். பால் ஜாயின்ட்டை லிங்கிலிருந்து பிடுங்கப் போராடுவதைவிட, அதை ஆர்மோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றுவது சுலபம். லிங்க், ஜாயின்ட், ட்ரன்னியன் எல்லாம் ஒரே துண்டாக மேஜைக்கு வந்துவிடும்.

வராமல் சண்டை போடப்போவது ஒரே ஒரு போல்ட். லோயர் ஆர்மின் இரண்டு காதுகளுக்கு நடுவே ட்ரன்னியனைக் கோர்த்திருக்கும் போல்ட் அது. அதற்கும் எஃகு ஸ்லீவுக்கும் நடுவே ஐம்பது வருடத்துத் துரு இருக்கும். பெரிய சுத்தியலை எடுக்காதீர்கள். ஆர்மின் காது மடங்கினால் ஆர்மே போச்சு. இரண்டு பக்கமும் காதுக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடை விட்டு போல்ட்டை அறுத்துவிடுங்கள். எப்படியும் புது போல்ட், புது ஸ்லீவ் போடத்தான் போகிறோம். அறுப்பதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

லோயர் ஆர்மின் உள்முனை பிராக்கெட்டுகளைச் சேஸியிலிருந்து எடுக்கும்போது நடுவில் மெல்லிய தகடுகள் இருக்கும். இவைதான் ஷிம். எந்தப் பிராக்கெட்டுக்குப் பின்னால் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். தொழிற்சாலையில் சக்கரத்தின் சாய்வை இந்தத் தகடுகளால்தான் சரிசெய்திருக்கிறார்கள். கலந்துவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும்.

ட்ரன்னியனும் லிங்கும்

ட்ரன்னியனை லிங்கிலிருந்து திருகிக் கழற்றுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் எதிரெதிர் மரை. ஒன்று வழக்கமான மரை, இன்னொன்று எதிர்மரை. வராத திசையில் பைப்பைப் போட்டுத் திருப்பி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு.

உள்ளே என்ன வருகிறது என்று பாருங்கள். கறுத்த, கெட்டியான கிரீஸ் வந்தால் வண்டியின் வரலாறு தெரிந்துவிட்டது. தொழிற்சாலைக் கையேடு இங்கே சொல்வது கிரீஸ் அல்ல, ஹைப்பாய்டு ஆயில். நம் கடை வழக்கில் 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் ஓடாது. ஒரு இடத்தில் நின்று இறுகிப் பாதையை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு நல்ல ஆயிலைக் கொடுத்தாலும் உள்ளே போகாது. மரையின் ஒரு பகுதி வறண்டு, மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

தப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரன்னியனில் முதலில் இருந்தது ஒரு சிறு பிளக். ஆயில் விடும்போது அதைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, கன்னில் ஆயில் நிரப்பி அடித்துவிட்டு, மறுபடி பிளக்கை மூட வேண்டும். சோம்பல்பட்டு யாரோ நிப்பிளை நிரந்தரமாக விட்டுவிடுவார்கள். அடுத்த முறை வண்டி வாட்டர் சர்வீஸுக்குப் போகும்போது, அங்குள்ள பையன் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. லாரியில் நிப்பிள் என்றால் கிரீஸ்தான். ஆகவே பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பிளக் இருந்தால் யாரும் அங்கே கை வைக்கமாட்டார்கள்.

லிங்கின் மரையை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். மரைப் பள்ளத்தில் துருக்குழிகள் தெரிந்தால் அந்த லிங்க் வேண்டாம். வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதோடு விடக் கூடாது. விரிசல் மரையின் அடிப்பள்ளத்தில்தான் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாது.

இங்கே பெரம்பலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு மணி நேரத் தூரத்தில் திருச்சி. பெல் நிறுவனத்துக்குப் பாய்லர் பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறைகள் துவாக்குடிப் பக்கம் நிறைய உண்டு. வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் டி.பி. டெஸ்ட் அங்கே அன்றாட வேலை. சிவப்புச் சாயத்தை அடித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். மூன்று ஸ்பிரே டப்பா சமாசாரம். சாயத்தை வாங்கி வீட்டிலேயே செய்யலாம். நாலு காசு கொடுத்து, தினமும் அதையே பார்த்துப் பழகிய கண்ணிடம் காட்டுவது இன்னும் நல்லது. சிவப்புக் கோடு வந்தால் லிங்க் பழைய இரும்புக்கு. வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடித்து உருவாக்கிய எஃகை அந்த இடத்தில் சூடாக்கினால் அதன் பலம் போய்விடும், அடுத்த முறிவு வெல்டிங்குக்குப் பக்கத்தில் நடக்கும்.

மரை நன்றாக இருந்தால் புது ட்ரன்னியனைத் திருகி ஆட்டிப் பாருங்கள். ஆயில் தடவிய மரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. புது ட்ரன்னியனிலும் ஆடினால் தேய்ந்தது லிங்க்.

பாகம் எங்கே கிடைக்கும்? ஸ்பிட்பயர் மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. அந்தப் புண்ணியத்தில் ட்ரன்னியன், புஷ் கிட், பால் ஜாயின்ட் எல்லாம் பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. வரியும் கூரியரும் சேர்ந்தால் விலை கடிக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழைய லிங்க் எப்போதாவது கிடைக்கும். கிடைத்தால் மேலே சொன்ன சாயச் சோதனை இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். கும்பகோணம் பக்கம் கொடுத்து ட்ரன்னியனை வார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை எல்லா ஹெரால்டுக்காரர் கூட்டத்திலும் வரும். விக்கிரகத்துக்கு வார்க்கும் உலோகம் வேறு, ஒரு டன் வண்டியைத் தாங்கிச் சுழலும் உலோகம் வேறு. உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் விக்கிரகத்தில் தெரியாது, வண்டியில் தெரியும். என் கணக்கில், இந்த வேலையில் கண்ணை மூடிக்கொண்டு பணம் செலவழிக்க வேண்டியது லிங்கிலும் ட்ரன்னியனிலும்தான். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

வாங்கிய ட்ரன்னியன் புதிதாகவே இருந்தாலும், உள்ளே ஆயில் ஊற்றி இரவு முழுக்க ஒரு செய்தித்தாள் மேல் நிறுத்தி வையுங்கள். காலையில் தாளில் கறை இருந்தால் அடிமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். கடைக்காரருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

புஷ்கள்

ட்ரன்னியனின் குறுக்குக் கண்ணில் இருப்பவை நைலான் புஷ். நடுவில் எஃகு ஸ்லீவ், ஓரத்தில் தூசி தடுக்கும் ரப்பர் வளையமும் தகடும். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஒரு முறை போய்வந்த வண்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த ரப்பர் வளையத்தின் அருமை தெரியும். சிமென்ட் ஆலைக்குப் போகும் கல்லின் மாவும் ஆயிலும் சேர்ந்தால் சாணைப் பசையாகிவிடும். வளையம் கிழிந்திருந்தால் புது நைலானும் சீக்கிரம் போய்விடும்.

இந்த நைலான் புஷ்ஷை லேத்தில் கடைந்துகொள்ளலாம். நைலானுக்குப் பதில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் கம்பி திருச்சியில் கிடைக்கும். மாதிரிக்குத் தேய்ந்த புஷ்ஷைக் கொடுக்காதீர்கள். தேய்ந்ததன் அளவுக்கே கடைந்து தருவார்கள். ஸ்லீவின் வெளிவிட்டத்தையும் ட்ரன்னியன் கண்ணின் உள்விட்டத்தையும் வெர்னியரில் அளந்து கொடுங்கள். ஸ்லீவின் நீளம் புஷ்ஷைவிடத் துளி கூடுதலாக இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது ஆர்மின் காதுகள் ஸ்லீவைத்தான் கவ்வ வேண்டும். நைலானைக் கவ்வினால் ட்ரன்னியன் அசையாது.

ஆர்ம்களின் உள்முனையில் இருப்பவை ரப்பர் புஷ். பழசை எரித்து எடுப்பது நம் பட்டறைப் பழக்கம். நாற்றமும் புகையும்தான் மிச்சம், ஆர்மின் பெயின்ட்டும் போகும். ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு சின்ன பாக்ஸ் ஸ்பேனர், ஒரு பெரிய பாக்ஸ் ஸ்பேனர் போதும். சின்னது தள்ளும், பெரியது வாங்கிக்கொள்ளும். புதியதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ ஆயிலோ ரப்பரை ஊதவைத்துவிடும்.

பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்கிறார்கள். போட்டியில் ஓட்டுவதாக இருந்தால் போடுங்கள். கிராமச் சாலையில் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். நான் ரப்பர் கட்சி.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

செட்டைப் பிரிக்க வேண்டுமானால் இப்போதுதான் கம்ப்ரஸர் வேண்டும். கொக்கி வைத்த மலிவு கம்ப்ரஸர் இந்த மெல்லிய ஸ்பிரிங்கில் வழுக்கும். நல்ல கருவி இல்லை என்றால் கார் பட்டறையில் கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வதாக வைராக்கியம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். வண்டி தாழ்வாக இருந்தால் ஸ்போர்ட்ஸ் காராகிவிடும் என்று சுருளை வெட்டுபவர்களும் காஸ் வைத்துச் சூடு காட்டி இறக்குபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூடு பட்ட ஸ்பிரிங் எங்கே நிற்கும் என்று சூடு காட்டியவருக்கே தெரியாது.

ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து இழுத்து அமுக்கிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சீரான கனம் இருக்க வேண்டும். வேறு வண்டியின் ஷாக் அப்சார்பரைப் பொருத்துவதானால், கண் அளவு சேர்ந்தால் மட்டும் போதாது. முழுக்க நீட்டிய நீளமும் முழுக்க அமுங்கிய நீளமும் பழசோடு ஒத்துப்போக வேண்டும். சக்கரம் கீழே தொங்குவதை நிறுத்துவதே இந்த வண்டியில் ஷாக் அப்சார்பர்தான். பொருந்தவைப்பதற்காகச் சேஸியில் வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்து 'வி.ஏ.' எண் வாங்க, சேஸி, உடல், எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணமே 20,000 ரூபாய். வெல்டிங் வைத்துவிட்டு அதைக் கட்டப் போகாதீர்கள்.

மாட்டுதல்

ட்ரன்னியனை லிங்கில் முழுசாகத் திருகி, முட்டியதும் ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி, சரியான நிலையில் நிறுத்துங்கள். முட்டிய நிலையிலேயே மாட்டினால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கும்போது மரை அடியில் இடித்து இறுகும். லிங்க் முறிவதற்கு இதுவும் ஒரு வழி. மாட்டியபின் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் திருப்பிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை இப்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, முன்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, நாலு முறை முன்பக்கத்தை அமுக்கிவிட்டு, அதன் பிறகு இறுக்குங்கள். வேலை தெரிந்த மெக்கானிக்குகளே அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். கழற்றிய நைலாக் நட்டு, ஸ்ப்ளிட் பின் எதையும் திரும்பப் போடாதீர்கள். சில்லறைக் காசுதான். டார்க் அளவுகளுக்கு வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பாருங்கள்.

ஹப்பில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். பழசில் பொறித்திருக்கும் எண்ணைப் பேரிங் கடையில் காட்டினால் எடுத்துத் தருவார்கள். கிரீஸை ரோலர்களுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றி, ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ஒரு முகம் பின்வாங்கி, ஸ்ப்ளிட் பின் போடுங்கள். துளி ஆட்டம் இருக்க வேண்டும். டேப்பர் பேரிங்கை ஆட்டமே இல்லாமல் இறுக்குவது, பைக் மெக்கானிக் கை வைத்த வண்டிகளில் பார்க்கிற வியாதி.

ரேக்கின் ரப்பர் மவுண்ட் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். ஆன்டி ரோல் பாரின் லிங்க் புஷ்களையும் பாருங்கள்.

கடைசியாக, ட்ரன்னியனில் 90 நம்பர் ஆயில். ஜி.எல்.4 தரம் கிடைத்தால் பித்தளைக்கு நல்லது. மேல் விளிம்பில் ஆயில் கசியும்வரை கன்னை அடித்துவிட்டு பிளக்கை மூடுங்கள்.

நூல் பிடித்தல்

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்குப் போனால் பட்டியலில் ஹெரால்டு இருக்காது. பையன் அம்பாசிடரைத் தட்டப் பார்ப்பான். தடுத்து, அளவை நீங்கள் சொல்லுங்கள்: முன்சக்கரம் இரண்டும் முன்பக்கம் 1/16 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், உள்வாங்கியிருக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்ப்பதற்குக் கொத்தனார் நூல் போதும். வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நூலைக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்து பாருங்கள். டை ராடுகளை இரு பக்கமும் சமமாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஒரே பக்கத்தில் திருப்பினால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். சக்கரச் சாய்வு மாறியிருந்தால் அதற்கு நீங்கள் பையில் போட்டுவைத்த ஷிம்கள் இருக்கின்றன.

முதல் ஓட்டத்துக்கு நான்குவழிச் சாலைக்குப் போகாதீர்கள். சாத்தனூர் கல்மரம் போகும் கிளைச்சாலை நல்லது. வளைவும் இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது, பின்னால் பேருந்து முட்டிக்கொண்டு வராது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.

ட்ரன்னியனுக்கு ஆறாயிரம் மைலுக்கு ஒரு முறை ஆயில் என்று கையேடு சொல்கிறது. அது தினமும் ஓடிய காலத்து வண்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு மைல் கணக்கு உதவாது. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் தை பிறந்ததும் ஒரு முறையும் ஆயில் விடுங்கள். விட்ட தேதியை பானெட்டின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.